இறக்கிவிட்ட மியாட்டாவுல பின் சக்கர அலைன்மென்ட்: வீட்டுலயே நூல் கட்டி பண்றது எப்படி

ஸ்பிரிங் மாத்தி வண்டிய இறக்கியாச்சு, பாக்க அம்சமா இருக்கு, ஆனா ஹைவேல லேன் மாத்தும்போது பின்பக்கம் லேசா அலையுது, மழைல வளைவுல ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்தா பின்னாடி நழுவ பாக்குது, இல்லன்னா பின் டயர் உள்பக்கம் மட்டும் மொட்டையாயிடுச்சு, வெளியில இருந்து பாத்தா டயர் மேல இருக்கிற பூ டிசைன் அப்படியே புதுசா இருக்கு. இறக்கின வண்டி வச்சிருக்கிறவங்க முக்காவாசி பேர் சொல்றது இதத்தான். கடைசில எல்லாரும் முன் சக்கரத்த போட்டு நோண்டுவாங்க. பிரச்சனை பெரும்பாலும் பின்னாடிதான் இருக்கும், பின் சக்கர அலைன்மென்ட்ல, அதாவது சக்கரம் நிக்கிற கோணத்துல.

இங்க நான் எடுத்துக்கிறது மஸ்டா எம்எக்ஸ்-5, அதாவது மியாட்டா, அதுலயும் முதல் ரெண்டு தலைமுறை மட்டும்: 1989ல வந்த என்ஏ, 1998ல இருந்து 2005 வரைக்கும் வந்த என்பி. 2005ல வந்த என்சில இருந்து பின்னாடி மல்டி லிங்க்ங்கிற வேற மாதிரி சஸ்பென்ஷன் ஆயிடுச்சு, அதுக்கு அட்ஜஸ்ட்மென்ட் வேற மாதிரி, அத இதோட குழப்பிக்காதீங்க. வேற வண்டி வச்சிருந்தாலும் அளக்குற விஷயம் எல்லாம் அப்படியே பொருந்தும், திருப்புற போல்ட் மட்டும் வேற இடத்துல இருக்கும்.

என்ன நடக்குது, ஏன் நடக்குது

இந்த வண்டில நாலு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன். மேல ஒரு ஆர்ம், கீழ ஒரு ஆர்ம், மேல இருக்கிறது குட்டை, கீழ இருக்கிறது நீளம். சஸ்பென்ஷன் அமுங்கும்போது குட்டை ஆர்ம் சக்கரத்தோட மேல்பக்கத்த சீக்கிரமா உள்ள இழுத்துடும், அதுதான் நெகட்டிவ் கேம்பர், வளைவுல டயர் ரோட்டோட ஒட்டி நிக்கணும்னு வேணும்னே அப்படி செஞ்சு வச்சிருக்காங்க. நீங்க வண்டிய இறக்கினா என்ன ஆகுது, எப்பவுமே சஸ்பென்ஷன் பாதி அமுங்கின நிலைமைலயே நிக்குது. 30, 40 மி.மீ. இறக்கினாலே கேம்பர் ஒரு டிகிரி அளவுக்கு நெகட்டிவ் பக்கம் போயிடும், கூடவே டோவும் இடம் மாறிடும்.

டோன்னா மேல இருந்து குனிஞ்சு பாத்தா சக்கரத்தோட முன் விளிம்பு எந்தப் பக்கம் பாக்குதுங்கிறது. முன் விளிம்பு உள்ள பாத்தா டோ-இன், வெளிய பாத்தா டோ-அவுட். பின் சக்கரத்துல கொஞ்சம் டோ-இன் இருந்தா வண்டி நேரா, அடக்கமா போகும். டோ-அவுட் ஆயிடுச்சுன்னா பின்பக்கம் தானா ஸ்டியரிங் பண்ண ஆரம்பிச்சிடும், அதுவும் பின் சக்கரம் இழுக்குற, ஆயிரம் கிலோ சொச்சம்தான் எடை உள்ள, நீளமும் கம்மியான வண்டில. புதுசா பண்றவங்க பின்னாடி டோ-அவுட்ட தொடவே தொடாதீங்க, டிராக்ல ஓட்டுற யாராவது சொன்னாலும் சரி.

இன்னொரு விஷயம், டயர் தேய்ஞ்சா எல்லாரும் கேம்பரத்தான் திட்டுவாங்க. உண்மைல நெகட்டிவ் 2 டிகிரி கேம்பர் தனியா டயர அவ்வளவு சீக்கிரம் சாப்பிடாது. தப்பான டோதான் டயர ரோட்டுல குறுக்க இழுத்துக்கிட்டே போகும், கேம்பர் இருக்கிறதால அந்த உரசல் முழுக்க உள் விளிம்புல வந்து விழுது, அவ்வளவுதான். அதனால கேம்பர் 0.2 டிகிரி அங்க இங்க இருந்தா விட்டுடலாம், டோவ மட்டும் விடக்கூடாது.

மூணாவதா த்ரஸ்ட் ஆங்கிள்னு ஒண்ணு. ரெண்டு பின் சக்கரத்தோட டோவையும் சேத்துப் பாத்தா பின் அச்சு எந்த திசைய பாத்து தள்ளுதுன்னு வரும். இடது பக்கம் டோ-இன் நிறைய, வலது பக்கம் சுத்தமா இல்லன்னா மொத்தக் கணக்கு சரியா வந்தாலும் வண்டி கோணலா நடக்கும், நேரா போக ஸ்டியரிங்க லேசா திருப்பியே பிடிக்கணும். மொத்த டோ மட்டும் பாத்துட்டு திருப்தி ஆகாதீங்க, இடமும் வலமும் தனித்தனியா சமமா இருக்கணும்.

தொடங்குறதுக்கு முன்னாடி

அலைன்மென்ட் எல்லாத்துக்கும் கடைசி வேலை. உசரம் முதல்ல முடிவாகணும். காயிலோவர் (உசரம் மாத்தக்கூடிய ஸ்பிரிங், டேம்பர் செட்) போட்டிருந்தா இன்னைக்கு அலைன்மென்ட் பண்ணிட்டு அடுத்த வாரம் இன்னும் 10 மி.மீ. இறக்கலாம்னு நினைச்சீங்கன்னா இன்னைக்கு பண்றது வீண். உசரத்த தரைல இருந்து அளக்காதீங்க, டயர் மாறினா கணக்கு மாறும். சக்கர நடு மையத்துல இருந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் அளந்து எழுதி வச்சுக்கோங்க. முன்னாடிய விட பின்னாடி 5ல இருந்து 10 மி.மீ. வரைக்கும் உசரமா இருந்தா இந்த வண்டி நல்லா இருக்கும்னு என் அபிப்பிராயம்.

உசரம்னு பேச்சு வந்ததால ஒண்ண சொல்லிடறேன். இந்த ரெண்டு தலைமுறைலயும் பின் சஸ்பென்ஷன் அமுங்குறதுக்கு இடம் ஏற்கனவே கம்மி. ரொம்ப இறக்கிட்டா ஒவ்வொரு பள்ளத்துலயும், ஒவ்வொரு வளைவுலயும் பின் டேம்பர் (ஷாக் அப்சார்பர்) பம்ப் ஸ்டாப் மேலயே, அதாவது கடைசில தடுக்குற ரப்பர் கட்டை மேலயே போய் உக்காந்துடும், அந்த நேரத்துல ஸ்பிரிங் திடீர்னு கல்லு மாதிரி ஆயிடறதால பின்பக்கம் சட்டுனு வழுக்கும். ஆளுங்க இத அலைன்மென்ட் கோளாறுன்னு நினைச்சு மாசக்கணக்கா டோவ மாத்திக்கிட்டு இருப்பாங்க. டேம்பர் தண்டுல ஒரு சின்ன ஜிப் டை கட்டிட்டு ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க, ஜிப் டை பம்ப் ஸ்டாப்புக்குள்ள ஏறி நசுங்கி இருந்துச்சுன்னா பிரச்சனை உசரம்தான், அலைன்மென்ட் இல்ல.

அப்புறம் ஆட்டம் இருக்கான்னு பாருங்க. பின்பக்கத்த தூக்கி ஸ்டாண்டுல நிறுத்திட்டு சக்கரத்த மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க, அப்புறம் பக்கவாட்டுல பிடிச்சு ஆட்டுங்க. டொக் டொக்னு ஆட்டம் இருந்தா வீல் பேரிங்கோ, ஆர்ம் போல்ட் மாட்டுற இடத்துல இருக்கிற ரப்பர் புஷ்ஷோ போயிருக்கு, அத மாத்தாம அளந்தா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நம்பர் வரும். ரப்பர் புஷ் வெடிச்சு, இரும்பு உறையில இருந்து பிரிஞ்சிருந்தாலும் இதே கதைதான். இருபது, முப்பது வயசு ஆன வண்டி இது, புஷ் நல்லா இருந்தாத்தான் ஆச்சரியம்.

டயர் காத்து நாலுலயும் சரியா இருக்கணும். கம்பெனி சொன்னது 26 பிஎஸ்ஐ, நீங்க வேற வச்சு ஓட்டுறீங்கன்னா அதையே வைங்க, ஆனா இடமும் வலமும் ஒண்ணா இருக்கட்டும். பெட்ரோல் பாதி டாங்க் போதும். டிக்கில இருக்கிற குப்பைய எல்லாம் எடுத்துடுங்க. டிரைவர் சீட்டுல உங்க எடைக்கு ஏதாவது வைக்கணும், இது லேசான வண்டி, ஒரு ஆள் ஏறினாலே ஒரு பக்கம் இறங்கும். வீட்டுல 25 கிலோ அரிசி மூட்டை இருந்தா மூணு தூக்கி வைங்க, சீட்டுல ரெண்டு, கால் வைக்கிற இடத்துல ஒண்ணு, வேலை முடிஞ்சதும் திரும்ப சமையக்கட்டுக்கு போயிடும், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

சாமான்

தாழ்வான ஜாக்கி ஒண்ணு, ஸ்டாண்டு நாலு. இறக்கின வண்டிக்கு கீழ சாதாரண ஜாக்கி நுழையாது, முதல்ல ரெண்டு பலகை மேல வண்டிய ஏத்திட்டு அப்புறம் ஜாக்கி தள்ளுங்க. சாக்கெட், ஸ்பேனர்ல 17, 19, சக்கர நட்டுக்கு 21. நீளமான பிரேக்கர் பார், டார்க் ரெஞ்ச் (நட்ட சொன்ன அளவுக்கு இறுக்குறதுக்கு). டிஜிட்டல் ஆங்கிள் கேஜ், காந்தம் வச்சது ரொம்ப விலை கிடையாது. போன் ஆப்ப நம்பாதீங்க, போன் பின்னாடி கேமரா மேடு இருக்கு, நேரா ஒக்காராது. அரை மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேல். நைலான் நூல் இல்லன்னா மீன் பிடிக்கிற நரம்பு. ஒரே நீளத்துல ரெண்டு நேரான பைப், வண்டி அகலத்த விட ஒரு சாண் கூடுதலா. பெயின்ட் பேனா. துரு இளக்குற ஸ்ப்ரே. அப்புறம் தரைல போட நாலு வினைல் டைல், நடுவுல தடவ கிரீஸ்.

தரை

தரை மட்டமா இல்லன்னா கேம்பர் நம்பர் எல்லாம் பொய். கேரேஜ் தரை பாக்க மட்டமா தெரியும், ஆனா தண்ணி போறதுக்காக சரிவு குடுத்திருப்பாங்க. நாலு சக்கரம் நிக்கிற இடத்தையும் சாக்பீஸ்ல குறிச்சுக்கோங்க, ஒரு ட்ரான்ஸ்பரென்ட் டியூப்ல தண்ணி ஊத்தி டியூப் லெவல் பிடிங்க, எந்த மூலை பள்ளமோ அங்க டைலோ பிளைவுட்டோ வச்சு உசத்துங்க. இடது வலது வித்தியாசம் 2 மி.மீ.க்குள்ள வந்தா போதும், முன் பின் வித்தியாசம் அந்த அளவுக்கு தொந்தரவு பண்ணாது.

கீழ படுத்து வேலை செய்ய இடம் வேணுமே, அதுக்கு நாலு சக்கரத்துக்கும் ஒரே உசரத்துல கட்டையால மேடை செஞ்சு அது மேல வண்டிய நிறுத்துறதுதான் சரி. ரொம்ப முக்கியம் என்னன்னா, வண்டி தன்னோட சக்கரத்துல தன்னோட எடைய தாங்கி நிக்கும்போதுதான் அளக்கணும், அட்ஜஸ்ட் பண்ணணும். ஜாக்கில தொங்குற சக்கரத்த அளந்தா அது எதுக்குமே உதவாது. அப்புறம் ஜாக்கி மட்டும் வச்சு வண்டிக்கு அடியில போகாதீங்க, இது நான் சொல்லியா தெரியணும், ஆனாலும் சொல்றேன்.

பின் சக்கரத்துக்கு கீழ ரெண்டு ரெண்டு வினைல் டைல், நடுவுல கிரீஸ் தடவி வைங்க. நீங்க கேம் போல்ட்ட (கோணத்த மாத்துற போல்ட், கீழ விளக்கமா வரும்) திருப்பும்போது சக்கரம் பக்கவாட்டுல நகரணும், டயர் தரைய பிடிச்சுக்கிட்டு இருந்தா நகராது, நம்பர் மாறாது, நீங்க இன்னும் திருப்புவீங்க, அப்புறம் ஓட்டிட்டு வந்து பாத்தா எங்கயோ போய் நிக்கும். முன் சக்கரத்துக்கு கட்டை கொடுத்துட்டு ஹேண்ட்பிரேக்க இறக்கிடுங்க, கியர நியூட்ரல்ல போடுங்க, பின் சக்கரம் சுதந்திரமா இருக்கட்டும். ஒவ்வொரு தடவை ஜாக்கி வச்சு தூக்கி இறக்கினாலும் பின்பக்கத்த நாலஞ்சு தடவை அமுக்கி அமுக்கி விடுங்க, முடிஞ்சா வண்டிய முன்னையும் பின்னையும் கொஞ்சம் உருட்டுங்க, அப்பத்தான் சஸ்பென்ஷன் தன் இடத்துல ஒக்காரும்.

நூல் கட்டுறது

கொத்தனார் செவுரு எழுப்பும்போது நூல் பிடிப்பாரே, அதே வேலைதான். ரெண்டு பைப்புலயும் ஒரே இடைவெளில ரெண்டு ரெண்டு வெட்டு போடுங்க, பைப்புக்கு பைப் இந்த இடைவெளி மில்லிமீட்டர் சுத்தமா ஒண்ணா இருக்கணும், அதுலதான் எல்லாமே இருக்கு. ஒரு பைப்ப வண்டிக்கு முன்னாடி ரெண்டு ஸ்டாண்டு மேலயும் இன்னொண்ண பின்னாடியும் வச்சு, வெட்டுல நூல மாட்டி ரெண்டு பக்கமும் விறைப்பா இழுத்து கட்டுங்க. நூல் சக்கர மையத்தோட உசரத்துல ஓடணும், பாடில எங்கயும் படக்கூடாது. இடைவெளி ஒண்ணா இருக்கிறதால ரெண்டு நூலும் தானாவே இணையா இருக்கும், மிச்சம் இருக்கிறது வண்டிக்கு நடுவுல கொண்டு வர்றது மட்டும்தான்.

முன் சக்கரத்தோட சென்டர் கேப்ல இருந்து நூலுக்கு எவ்வளவுன்னு இடது பக்கமும் வலது பக்கமும் அளங்க, முன் பைப்ப நகத்தி ரெண்டையும் சமமாக்குங்க. அதே மாதிரி பின்னாடி. முன் தூரமும் பின் தூரமும் ஒண்ணா இருக்கணும்னு அவசியம் இல்ல, இந்த வண்டில ரெண்டு பின் சக்கரத்துக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி முன்ன விட கொஞ்சம் அகலம், அதனால பின்னாடி நூல் கொஞ்சம் கிட்ட இருக்கும். புதுசா பண்றவங்க இங்கதான் நாலையும் ஒண்ணாக்க பாத்து கோணலா கட்டிடுவாங்க. முன்ன சரி பண்ணினா பின்ன நகரும், பின்ன சரி பண்ணினா முன்ன நகரும், மூணு நாலு தடவை போய் வந்தா ஒக்காந்துடும். அதுக்கப்புறம் கால் தடுக்கி ஸ்டாண்ட இடிச்சுடாதீங்க, வீட்டுல பசங்க இருந்தா கதவ சாத்திக்கிட்டு பண்ணுங்க.

அளக்குறது

டோவுக்கு: பின் ரிம்மோட முன் விளிம்புல இருந்து நூலுக்கு தூரம், பின் விளிம்புல இருந்து நூலுக்கு தூரம், ரெண்டையும் மைய உசரத்துல எடுங்க. நூல் வெளிய இருக்கு, அதனால முன் விளிம்பு தூரம் அதிகமா இருந்தா டோ-இன், பின் விளிம்பு தூரம் அதிகமா இருந்தா டோ-அவுட். 15 இஞ்ச் ரிம்ல வெளி விளிம்புல இருந்து விளிம்புக்கு அளந்தா 41 செ.மீ. கிட்ட வரும், அந்த அகலத்துல 1 மி.மீ. வித்தியாசம்னா கிட்டத்தட்ட 0.14 டிகிரி. டயரோட முழு விட்டத்துல கணக்கு பண்றவங்களுக்கு, 195/50 ஆர்15 டயர்னா விட்டம் 576 மி.மீ., அதுல 1 மி.மீ.க்கு 0.1 டிகிரி. யாராவது டோ 3 மி.மீ.ன்னு சொன்னா எந்த விட்டத்துல, ஒரு பக்கமா ரெண்டு பக்கமும் சேத்தான்னு கேளுங்க, கேக்காம அப்படியே போடாதீங்க.

பழைய ரிம் லேசா நெளிஞ்சிருக்கலாம். ஒரு தடவை அளந்துட்டு வண்டிய அரைச் சுத்து உருட்டி திரும்ப அளந்து சராசரி எடுத்தா ரிம்மோட நெளிவு கணக்குல இருந்து போயிடும். கடுப்பான வேலைதான், ஆனா நாம பிடிக்கப் போறது ஒரு மில்லிமீட்டர் சமாச்சாரம்.

கேம்பருக்கு ஒரு நேரான அலுமினிய பட்டைய ரிம்மோட மேல் விளிம்புலயும் கீழ் விளிம்புலயும் படுற மாதிரி நிமித்தி வைங்க, டயர் மேல வைக்காதீங்க, டயர் அடில பிதுங்கி இருக்கும். அது மேல ஆங்கிள் கேஜ். கேஜ் இல்லன்னா தூக்குக்குண்டு தொங்கவிட்டு மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் வித்தியாசம் பாருங்க, 41 செ.மீ.க்கு 7 மி.மீ. சொச்சம் வந்தா 1 டிகிரி.

எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதுங்க. ஒண்ணும் தொடறதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சோ அந்த நம்பர்தான் ரொம்ப மதிப்பு.

கேம் போல்ட்: இங்கதான் மண்டை குழம்பும்

வண்டிக்கு அடியில படுத்து பின் லோயர் ஆர்ம பாருங்க. அது உள்பக்கம் சப்ஃப்ரேம்ல (சஸ்பென்ஷன தாங்குற இரும்புச் சட்டம்) சேர்ற இடத்துல ரெண்டு போல்ட், ஒண்ணு முன்னாடி, ஒண்ணு பின்னாடி. ரெண்டுலயும் வட்டமா ஒரு தகடு, அதுல கோடு கோடா குறி போட்டிருக்கும், நடு மையம் தள்ளி இருக்கும். அதுதான் கேம். நட்ட தளர்த்திட்டு போல்ட்ட திருப்பினா ஆர்ம்மோட அந்த முனை உள்ள வரும் இல்ல வெளிய போகும்.

கேம்பருக்குன்னு ஒரு போல்ட், டோவுக்குன்னு ஒரு போல்ட் கிடையாது. ரெண்டு போல்ட்டும் ரெண்டு வேலையும் செய்யும். இத புரிஞ்சுக்காம ஒண்ண திருப்பி கேம்பர சரி பண்ணுவாங்க, டோ ஓடிடும், டோவ சரி பண்ணுவாங்க, கேம்பர் ஓடிடும், பொழுது போயிடும்.

ரெண்டு முனையும் சேந்து வெளிய போனா சக்கரத்தோட அடிப்பக்கம் வெளிய போகுது, அதாவது நெகட்டிவ் கேம்பர் கூடுது. ரெண்டும் சேந்து உள்ள வந்தா நெகட்டிவ் குறையுது, இறக்கின வண்டில உங்களுக்கு பெரும்பாலும் இதுதான் வேணும். ஒண்ணு உள்ள ஒண்ணு வெளியன்னு எதிரெதிரா போனா ஆர்ம் திரும்புது, சக்கரமும் கூடவே திரும்புது, அது டோ. முன் கேம்ம உள்ள இழுத்தாலோ பின் கேம்ம வெளிய தள்ளினாலோ டோ-இன் கூடும். இதுல இருந்து ஒரு நல்ல உபாயம் கிடைக்குது: டோ-இன் வேணும், கேம்பரும் கொஞ்சம் குறையணும்னா முன் கேம்ம மட்டும் உள்ள இழுங்க. டோ-இன் வேணும், கேம்பர் கொஞ்சம் கூடினா பரவாயில்லன்னா பின் கேம்ம மட்டும் வெளிய தள்ளுங்க. ஒரே போல்ட்ல ரெண்டு காரியம்.

திருப்புற திசைய மனப்பாடம் பண்ணாதீங்க. போல்ட் தலை எந்தப் பக்கம் பாத்து மாட்டியிருக்கோ அதப் பொறுத்து வலஞ்சுழியும் இடஞ்சுழியும் மாறும், முன்னாடி யாராவது பிரிச்சு மாட்டியிருந்தா சுத்தமா மாறியிருக்கும். ஆர்ம் எந்தப் பக்கம் நகருதுன்னு கண்ணால பாத்து திருப்புங்க. அப்புறம் கேம் வட்டம்ங்கிறதால ஒரு எல்லை வரைக்கும்தான் தள்ளும், அதத் தாண்டி திருப்பினா திரும்பி வர ஆரம்பிச்சிடும். எல்லை கிட்ட வரவர நிறைய திருப்பினாலும் கொஞ்சம்தான் நகரும்.

வேலை

முதல்ல நாலு கேம்லயும் இப்ப இருக்கிற இடத்த பெயின்ட் பேனாவால கோடு போட்டு வைங்க, எல்லாம் சொதப்பிடுச்சுன்னா இங்க திரும்பி வரலாம்.

ஒரு பக்கத்த எடுத்துக்கோங்க. நட்டு ரெண்டையும் தளர்த்துங்க, கழட்ட வேணாம், போல்ட் திரும்புற அளவுக்கு போதும். தலைய ஸ்பேனர்ல பிடிச்சு திருப்புங்க. ரெண்டையும் ஒரே அளவு, குறில எண்ணி எண்ணி, கேம்பர் நீங்க நினைச்ச இடத்துக்கு வர்ற வரைக்கும். சஸ்பென்ஷன ஒரு தடவை அமுக்கி விட்டு திரும்ப கேம்பர் பாருங்க. கேம்பர் முடிஞ்சதும் டோவுக்கு வாங்க, இப்ப ஒரே ஒரு கேம்ம மட்டும், குட்டி குட்டியா. கேம்ம நகத்தினா சக்கரமே கொஞ்சம் இடம் மாறும், அதனால நூல் இன்னும் நடுவுல இருக்கான்னு அப்பப்ப பாத்துக்கோங்க.

நட்ட இறுக்கும்போது போல்ட் தலைய ஸ்பேனர்ல அசையாம பிடிச்சுக்கோங்க, இல்லன்னா இறுக்குற வேகத்துல கேம்மும் சேந்து சுத்திடும். பிடிச்சுக்கிட்டு இறுக்கினாலும் டோ லேசா நகரத்தான் செய்யும், எந்தப் பக்கம் நகருதுன்னு ஒரு தடவை பாத்துட்டா அடுத்த தடவை அந்த அளவு முன்கூட்டியே விட்டு வைக்கலாம். முழுசா டார்க் குடுத்ததுக்கு அப்புறம் அளந்ததுதான் நம்பர், அதுக்கு முன்னாடி அளந்தது வெறும் ஆசை. டார்க் எவ்வளவுன்னு உங்க வருஷத்து வொர்க்‌ஷாப் மேனுவல்ல பாத்து போடுங்க.

இதுக்கெல்லாம் முன்னாடியே முடிக்க வேண்டிய இன்னொரு வேலையும் இருக்கு. ஒரிஜினல் ரப்பர் புஷ் உள்ள போல்ட்ட பிடிச்சுக்கிட்டு முறுக்கிக்கிட்டு வேலை செய்யுறது, அதுவா சுத்தாது. ஸ்பிரிங் மாத்தினவங்க சக்கரம் தொங்கும்போதே எல்லா போல்ட்டையும் இறுக்கியிருந்தா இப்ப வண்டி நிக்கும்போது எல்லா புஷ்ஷும் முறுக்கின நிலைமைல இருக்கு, உசரமும் ஏமாத்தும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். அப்பர் ஆர்ம் போல்ட், லோயர் ஆர்ம்மோட வெளி போல்ட், டேம்பர் கீழ் போல்ட், எல்லாத்தையும் வண்டி தரைல நிக்கும்போது ஒரு தடவை தளர்த்தி திரும்ப இறுக்குங்க. அலைன்மென்ட்டுக்கு முன்னாடி பண்ணுங்க, பின்னாடி இல்ல, ஏன்னா இதுல உசரமே சில மில்லிமீட்டர் மாறலாம்.

போல்ட் நகரலன்னா

கனடா, இங்கிலாந்து பக்கம் இருக்கிறவங்களுக்கு இது கிட்டத்தட்ட உறுதி, பனிக்காலத்துல ரோட்டுல கொட்டுற உப்பு கேம் போல்ட்ட புஷ்ஷோட இரும்புக் குழாய்க்குள்ள துருவால ஒட்ட வச்சுடும். எப்படி கண்டுபிடிக்கிறதுன்னா, நட்டு தளர்ந்துடுச்சு, போல்ட் கொஞ்சம் திரும்புது, கைய விட்டா திரும்ப பழைய இடத்துக்கே வந்துடுது. நீங்க போல்ட்ட திருப்பல, ரப்பர முறுக்கிக்கிட்டு இருக்கீங்க. மேல மேல பலம் போட்டா ரப்பர் கிழியும் இல்ல போல்ட் முறியும்.

வேலைக்கு ஒரு வாரம் முன்னாடியே தினம் ராத்திரி ஸ்ப்ரே அடிச்சு ஊற விடுங்க, பாதி கேஸ் அதுலயே இளகிடும். நெருப்பு காட்டலாம்னு சொல்லுவாங்க, பின்பக்கத்துல நான் வேணாம்னுதான் சொல்லுவேன், இந்த வண்டில பெட்ரோல் டாங்க் சீட்டுக்கு பின்னாடியே இருக்கு, பைப்பெல்லாம் அந்த வழியாத்தான் போகுது, போதாக்குறைக்கு ரப்பர் புஷ் பத்திக்கும். ஒண்ணுக்கும் அசையலன்னா போல்ட்ட ரெண்டு பக்கமும் ரம்பத்துல அறுத்து ஆர்ம கழட்டி, புது புஷ், புது கேம் போல்ட் போடறதுதான் வழி. மாட்டும்போது போல்ட்ல ஆன்டி-சீஸ் பேஸ்ட் (துருப்பிடிச்சு ஒட்டாம இருக்கிறதுக்கு) தாராளமா தடவுங்க.

கேம் எல்லைக்கு போயும் நெகட்டிவ் குறையலன்னா வண்டி ரொம்ப கீழ இருக்குன்னு அர்த்தம். நீளம் மாத்தக்கூடிய அப்பர் ஆர்ம், ஆஃப்செட் புஷ்ஷெல்லாம் விக்கிறாங்க, வாங்குறதுக்கு முன்னாடி 10 மி.மீ. உசத்திப் பாருங்க, அதுக்கு காசு செலவில்ல.

என்ன நம்பர் வைக்கிறது

தினமும் ஓட்டுற இறக்கின வண்டிக்கு பின் கேம்பர் நெகட்டிவ் 1.5ல இருந்து 2க்குள்ள, டோ-இன் ரிம்ல ஒவ்வொரு பக்கமும் அரை மில்லிமீட்டர்ல இருந்து ஒரு மில்லிமீட்டர் வரைக்கும், அதாவது மொத்தம் 0.14ல இருந்து 0.28 டிகிரி. புதுசா ஓட்டுறவங்க, மழை அதிகம் உள்ள ஊர்ல இருக்கிறவங்க ஒரு மில்லிமீட்டர் பக்கமே இருங்க. இடது வலது கேம்பர் வித்தியாசம் 0.2க்குள்ள, டோ வித்தியாசம் ஸ்கேல்ல தெரியாத அளவுக்கு. ரோட்டு வண்டில முன் கேம்பர் பின்ன விட அரை டிகிரி கம்மியா இருந்தா பின்பக்கம் பிடிப்பா இருக்கும், வண்டி அடக்கமா போகும். டிராக் ஆளுங்க இத தலைகீழா வைப்பாங்க, முன்னாடி அதிகம், வண்டி சுறுசுறுப்பா திரும்பும், கூடவே சுத்தவும் ரெடியா இருக்கும். அது அப்புறம் பாத்துக்கலாம்.

பின்னாடி முடிச்சதுக்கு அப்புறம்தான் முன்னாடி டோ. பின்ன மாத்தினதால வண்டி பாக்குற திசையே மாறியிருக்கும், நேத்து நேரா இருந்த ஸ்டியரிங் இன்னைக்கு கோணலா தெரியலாம், பயப்படாதீங்க, அதே நூல வச்சு முன் சக்கரத்தையும் சரி பண்ணினா நேராயிடும்.

சக்கர நட்ட 88ல இருந்து 118 நியூட்டன் மீட்டருக்குள்ள இறுக்கிட்டு, காலி ரோட்டுல மெதுவா ஆரம்பிங்க. நேரா போகுதா, ஸ்டியரிங் நடுவுல இருக்கா, பிரேக் அடிச்சா இழுக்குதா. அப்புறம் ஆள் இல்லாத ஒரு வளைவுல மிதமான வேகத்துல கால எடுத்துப் பாருங்க, பின்பக்கம் லேசா உள்ள வந்து நின்னா சரி, தொடர்ந்து வந்துக்கிட்டே இருந்தா திரும்ப நூல் கட்டுங்க. 100 கிலோமீட்டர் ஓடினதும் கேம் குறி நகந்திருக்கான்னு அடியில பாத்து நட்டுக்கு திரும்ப ஒரு டார்க். ஒரு மாசம் கழிச்சு பின் டயர் பூ மேல உள்ளங்கைய குறுக்க தேச்சுப் பாருங்க, ஒரு திசைல வழுவழுன்னும் எதிர் திசைல ரம்பப் பல்லு மாதிரி கைல மாட்டியும் இருந்தா டோ இன்னும் சரியில்ல.

இவ்வளவும் வேணாம், கடைக்கே போறேன்னாலும் தப்பில்ல, ஆனா வெறும் அலைன்மென்ட் பண்ணுங்கன்னு சொன்னா நிறைய கடைல முன் டோவ மட்டும் தொட்டுட்டு அனுப்பிடுவாங்க. நாலு சக்கரமும் வேணும், பின் கேம்பர் இவ்வளவு, பின் டோ ஒரு பக்கத்துக்கு இவ்வளவுன்னு எழுதிக் குடுங்க, சீட்டுல எடை வைக்கச் சொல்லுங்க, கேம் போல்ட் இளகுதான்னு வீட்டுலயே பாத்துட்டு போங்க. வாங்குற பேப்பர்ல டோ டிகிரில இருக்கா நிமிஷத்துல இருக்கான்னு கவனிங்க, 10 நிமிஷம்னா 0.10 டிகிரி இல்ல, 0.17. திருப்பிக் குடுக்குறதுக்கு முன்னாடி எடுத்த நம்பரும் அந்த பேப்பர்ல இருக்கணும், கேட்டு வாங்கிக்கோங்க.